பல்லியைத் தொடாத கை

தேவகி என் பாதங்களைத் தொட்டபோது அவள் கை ஈரமாக இருந்தது. வாசலில் கோலம் போட்டு முடித்து, அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். விரல் இடுக்கில் மிச்சமிருந்த கோலமாவு என் கால் கட்டைவிரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அன்று முழுவதும் கடல்நீர் பட்டும் அது போகவில்லை. அல்லது போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அது பினாங்குத் தீவு. கடற்கரையை ஒட்டிய பழைய மரவீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். விடுதியை நடத்துபவள் தேவகி. காலை வெயில் இன்னும் மணலுக்கு இறங்கவில்லை. நான் முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கஸ்தூரி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை என்னை நானே கேலி செய்துகொண்ட இடங்கள் நிறைய. வாசகர்களும் அதை ரசித்து எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் அப்படி எதுவும் இல்லை. இதைத் தாண்டி என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பல்லி

காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவை. அவர்களில் கொஞ்சம் வயதானவர்களுக்குப் பல்லி.

சின்ன காஞ்சிபுரம் பெருமாள் கோயிலில் தங்கத்தில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றுமாக இரண்டு பல்லிகள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டவர்களுக்கு, பல்லி மேலே விழுந்தால் வரும் தோஷம் ஒட்டாது என்பது நம்பிக்கை. கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொட்டவரைத் தொட்டால் போதும். அதனால் எங்கள் ஊர்க்காரன் எங்கே போனாலும், பல்லி விழுந்த யாராவது ஒருவர் அவனைத் தேடி வருவது உண்டு.

என் வீட்டு மாடியிலிருந்து அந்தக் கோபுரம் தெரியும். ஆனால் அந்தப் பயணம் வரைக்கும் நான் உள்ளே போனதே இல்லை.

என் தாத்தா அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர் நடக்கக் கூடாத காலம் அது. பிறகு கதவு எல்லோருக்கும் திறந்தது. என் அப்பா போகவில்லை. "அன்னிக்கு அவங்க வேணாம்னாங்க. இன்னிக்கு நாம வேணாம்னுட்டுப் போறோம்" என்பார். எங்களுக்கு அவர் விட்டுப் போன சொத்து அந்த ஒரு வாக்கியம்தான். நான் வரலாறு படித்தேன். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டே இருப்பேன். எல்லாம் புத்தகத்தில் பார்த்தது. உள்ளே போகாமல் இருப்பது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

கல்லூரிக்கு வருவதற்கு முன்பு தென்னேரியில் பள்ளி ஆசிரியராகக் கொஞ்ச காலம் இருந்தேன். ஏரிக்கரையில் பேருந்துக்கு நிற்கும்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். குழந்தையின் தோளில் பல்லி விழுந்துவிட்டதாம். நான் காஞ்சிபுரத்து ஆள், ஒருமுறை குழந்தையைத் தொட வேண்டுமாம். நான் அவளுக்கு அங்கேயே ஒரு பாடம் நடத்தினேன். பல்லி ஏன் விழுகிறது, பயம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நீ தொட்டுக்கினு வந்தியா இல்லியா, அத்த சொல்லு."

"இல்லை" என்றேன்.

"இத்த மொதல்லியே சொல்றதுதானே" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற வாலாஜாபாத் பேருந்தின் நடத்துநரிடம் குழந்தையை நீட்டினாள். அவர் வலது கையில் பயணச்சீட்டுக் கட்டோடு குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு விசில் ஊதினார். அவர் கோயிலுக்குள் போனவரா என்று யாருக்குத் தெரியும்?

அன்று உண்மையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. உண்மை என் கர்வத்துக்கு வசதியாக இருந்ததால்.

தீவு

பெங்களூரில் இருக்கும் மகள்தான் அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். ஊர் பார்ப்பதற்குச் சில நாள், கடற்கரைக்குச் சில நாள்.

பினாங்கின் பழைய நகரம் கடலைப் பார்த்துக் கட்டிய ஊர். கடைகளின் முன்னால் தூண் வைத்த நடைபாதை தெரு நெடுக நீள்கிறது. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே சாயங்கால இருட்டு. ஊதுவத்திப் புகையும் கருவாட்டு வாசனையும் கலந்து வரும். கோட்டையில் ஒரு கிழட்டுப் பீரங்கி கிடக்கிறது. குழந்தை வேண்டும் பெண்கள் அதற்குப் பூ வைக்கிறார்களாம். தமிழர்கள் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதி ஒரு புடவையை மாட்டியிருந்தார்கள். கஸ்தூரி கடைக்குள் போய் அதன் கரையைத் திருப்பிப் பார்த்தாள். உடலும் கரையும் சேரும் இடத்தைத் தடவினாள். "இது நம்மூரப் பாத்ததே இல்ல" என்று என் காதில் சொன்னாள்.

வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். கள்ளிமந்தாரைப் பூக்கள் கல்லின் மேலெல்லாம் உதிர்ந்து கிடந்தன. காய்ச்சலில் போன இளவயதுக்காரர்கள்தான் அதிகம். சில கல்வெட்டுகள் கடலில் காணாமல் போனவர்களுக்கானவை. படித்துச் சொன்னேன். "உள்ள ஆளே இல்லாமயா கல்லு வெச்சிருக்கானுங்க?" என்று கேட்ட கஸ்தூரி, அந்தக் கற்களை மட்டும் மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பிறகு கடற்கரை விடுதிக்கு வந்தோம். தேவகியின் முன்னோர்கள் நம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். அவள் இந்தியாவைப் பார்த்ததில்லை. தமிழ் மட்டும் வாயில் அப்படியே இருந்தது. அவள் கணவர் மணியம் படகு வைத்திருந்தார். விடுதிக்கு வருபவர்களைச் சாலை இல்லாத ஒரு கடற்கரைக்கு அழைத்துப் போவார். முன்பல் ஒன்று இல்லாததால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். கஸ்தூரிக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

"தொட்டிருக்கீங்கதானே?"

அந்தக் கடற்கரைக்குப் போக எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் ஊர் திரும்ப வேண்டும்.

விடிந்ததும் தேவகி விளக்கேற்றும்போது உத்தரத்திலிருந்து ஒரு பல்லி அவள் தலையில் விழுந்தது. கழுத்து வழியாக இறங்கித் தாலியின் மேல் கொஞ்ச நேரம் நின்றதாம். தட்டிவிடக்கூடக் கை வரவில்லையாம். தலையில் விழுந்ததால் தனக்குக் கெடுதல், தாலியில் நின்றதால் அவருக்கு என்று அவளே பலன் சொல்லிக்கொண்டாள். இன்று படகை எடுக்கக் கூடாது என்று கணவரைத் தடுத்துவிட்டாள்.

மணியம் படியில் பெட்ரோல் கேனோடு நின்றிருந்தார். கடல் இன்றைக்குத் தட்டு மாதிரி இருக்கிறது, இந்த மாதிரி ஒரு நாள் கிடைக்குமா என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடம் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

தேவகி என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க காஞ்சிபுரம்னு ஆண்ட்டி சொன்னாங்க. அந்தப் பல்லிய நீங்க தொட்டிருக்கீங்கதானே?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கஸ்தூரி தொட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு தையல் வகுப்புத் தோழிகளோடு போய்த் தொட்டுவிட்டு வந்தவள். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி என்னிடம் கிண்டல்கூட வாங்கியிருக்கிறாள். அது எனக்கு அந்த நிமிஷத்தில் நன்றாக நினைவிருந்தது. "கொஞ்சம் இரும்மா, என் மனைவி வந்துவிடுவாள்" என்று சொல்லியிருந்தால் போதும்.

"தொட்டிருக்கேம்மா" என்றேன். "எத்தனையோ தடவை."

படகுப் பயணம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதியை இப்போது எழுதுகிறேன். என் தாத்தாவை நிறுத்திய அந்தத் தெருவின் பெயரால், ஒரு பெண் என் காலில் குனிந்தாள். அது எனக்கு இனித்தது. அவள் சீக்கிரம் எழுந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் எழுந்து கண்களைத் துடைத்துக்கொண்டாள். "போய்ட்டு வாங்க" என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

வட்டமிட்ட படகு

கடல் உண்மையிலேயே தட்டு மாதிரிதான் இருந்தது. மணியம் எங்களை மணலில் இறக்கிவிட்டு, மரநிழலில் பாய் விரித்துக் கொடுத்தார். விடுதிக்குப் போய்ச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கை அசைத்தார். வாயை மூடாமல் சிரித்தார்.

நாங்கள் காத்திருந்தோம். அலையே இல்லை. காட்டுக்குள்ளிருந்து குரங்குகள் வந்து வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்தன. எங்கள் பையை அவற்றில் ஒன்றுகூடத் தொடவில்லை. கஸ்தூரிதான் முதலில் கவனித்தாள். தூரத்தில் ஒரு படகு மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் பெரிதாவதும் தேய்வதுமாக இருந்தது. வட்டம் மாறவே இல்லை.

"எத்தையோ தேடுற மாதிரி சுத்துதே" என்றாள். பிறகு, "அதுல யாருமே இல்லியே" என்றாள்.

வேறொரு படகுக்காரர் போய் அதை நிறுத்தினார். எங்களை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது அந்தப் படகையும் கயிறு கட்டி இழுத்து வந்தார். நான் உள்ளே பார்த்தேன். சாப்பாட்டுப் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. மணியத்தின் செருப்புகள், வீட்டுக்குள் போகும்முன் வாசலில் கழற்றி வைப்பதுபோல, ஒன்றையொன்று ஒட்டி நேராக வைக்கப்பட்டிருந்தன.

அவரைத் தேடினார்கள். பயணத்தைத் தள்ளிப்போட்டு நாங்களும் சில நாள் இருந்தோம். உடல் கிடைக்கவில்லை. நெஞ்சுவலி வந்து விழுந்திருக்கலாம் என்றார்கள். இருக்கலாம்.

தேவகி அழவில்லை. நாங்கள் கிளம்பும்போது கஸ்தூரியின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னது அவள்தான். "நான் ஐயாவத் தொட்டுட்டுத்தானே அனுப்புனேன். அவருக்கு ஒண்ணும் ஆவாது ஆண்ட்டி. எங்கயாவது கரை ஒதுங்கியிருப்பாரு. வந்துருவாரு."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். விமானம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"நான் உள்ளதானே குளிச்சுக்கினு இருந்தேன். ஒரு கொரல் குடுத்திருக்கலாம் இல்ல?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கே விளக்கு வைக்கும் நேரம்

அவர்களுடைய கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது. நான் ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் மாலை நடைக்குப் போகும்போது இங்கே வெயில் இருக்கும். அங்கே விளக்கு வைத்துவிடுவார்கள். தேவகி அந்த நேரத்தில்தான் போன் செய்வாள்.

முதலில் நலம் விசாரிப்பாள். அவரைப் பற்றித் தகவல் இல்லை என்பாள். நானும் ஏதோ சொல்வேன். பிறகு ஒரு நாள், சாதாரணமாக, அவர் வந்திருந்தார் என்றாள்.

மணலில் தள்ளி நின்றாராம். நனைந்திருந்தாராம். முகம் தெரியவில்லை, நிற்கிற விதத்தில் தெரிந்துவிட்டதாம். கூப்பிடுவதற்குள் போய்விட்டாராம். அடுத்த முறை பேசியபோது படிக்குக் கீழே நின்றதாகச் சொன்னாள். அதற்கடுத்து, படியேறி முன்கட்டு வரைக்கும் வந்துவிட்டார் என்றாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில். அவர் உள்ளே வருவதற்குக் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது, துணைக்கு வந்திருக்கும் மகள் பயப்படுகிறாளே என்றுதான் கூப்பிடாமல் இருக்கிறேன் என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான். நடையைப் பாதியில் விட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அவள் மகள் ஷாலினி தனியாகப் போன் செய்தாள். கோலாலம்பூரில் வேலை பார்ப்பவள். அம்மாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு அதிகமாக வைக்கிறாள், பொட்டை அழிக்கவில்லை, கருமாதிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள் என்று சொன்னாள்.

"காஞ்சிபுரம் ஐயா தொட்டவரு, அப்பா செத்துட்டாருன்னு அவரு வாயால சொல்லட்டும், அப்புறம் செய்றேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க அங்கிள்."

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணு. காலையில முன்கட்டுப் பலகை ஈரமா இருக்கு. மழை இல்லாத நாள்லயும். அம்மா எந்திரிக்கிறதுக்கு முந்தி நான் தொடச்சிடுறேன்."

படி ஏறினேன்

அந்த வாரம் நான் பெருமாள் கோயிலுக்குப் போனேன். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் எதையாவது சரிசெய்ததாக ஆகும் என்று நினைத்தேனா? வரலாறு படித்தவன் அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

வாசலில் பூ விற்பவளிடம் பல்லி எந்தப் பக்கம் என்று கேட்டேன். எந்த ஊர் என்றாள். இதே ஊர்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி சொன்னாள்.

பல்லிகள் சுவரில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவை கூரையில் இருந்தன. படியேறிக் கையை உயர்த்தித் தொட வேண்டும். உலோகம் சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு முன்னால் தொட்டுக்கொண்டே போனவர்களின் சூடு அதில் இருந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் விட்டுப் போன அந்த ஒரு வாக்கியத்தையும் நான் இப்படித்தான் செலவழித்தேன்.

கீழே படியேற முடியாத ஒரு முதியவள் நின்றிருந்தாள். "தொட்டியாப்பா?" என்று கேட்டாள். தொட்டேன் என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

தேவகியிடம் பொய் சொன்ன அதே குரல்தான் இந்த உண்மையையும் சொன்னது. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

கதவு

மறுநாள் ஆற்றங்கரையில் இருக்கும்போது தேவகி அழைத்தாள். நலம் விசாரிக்க விடவில்லை நான்.

"தேவகிம்மா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய். அன்னி வரைக்கும் நான் அந்தப் பல்லியத் தொட்டதே இல்ல. கோயிலுக்குள்ளயே போனதில்ல."



எல்லாவற்றையும் சொன்னேன். படகில் போக ஆசைப்பட்டதை, கஸ்தூரியைக் கூப்பிடாததை, என் தாத்தாவை, அவள் குனிந்தபோது எனக்கு இனித்ததை. நேற்றுப் போய்த் தொட்டதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்றுதான் காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"அப்ப தோஷம் போவல" என்றாள்.

"போகலம்மா."

"அப்ப அவரு அன்னிக்கே போய்ட்டாரு."

"ஆமாம்மா. அவருக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிடுங்க."

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப வாசல்ல வந்து நிக்கிறது யாரு ஐயா?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இப்ப நிக்கிறாரு. ஷாலினி கடைக்குப் போயிருக்கா. இன்னிக்குக் கூப்பிட்டுரலாம்னுதான் இருந்தேன். கதவத் தெறக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் என் வாயிலிருந்து வகுப்பறைக் குரல் வந்தது. தயக்கமே இல்லாத குரல்.

"தெறக்காதீங்க. தாழ்ப்பாளப் போடுங்க."

அவள் கீழ்ப்படிந்தாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, மரப்படிகளில் யாரோ ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் இறங்கிப்போகும் சத்தமும் கேட்டது. ஷாலினி திரும்பி வந்த சத்தமாக இருக்கலாம் என்று இங்கே எழுதலாம். ஷாலினி ஏறித்தான் வந்திருக்க வேண்டும்.

அந்த மாதமே கருமாதி முடிந்துவிட்டது என்று ஷாலினி செய்தி அனுப்பினாள். அம்மா இப்போது தட்டு வைப்பதில்லை, தூங்குகிறாள், முன்கட்டுப் பலகையும் காய்ந்தே இருக்கிறது என்று எழுதி, எனக்கு நன்றியும் சொல்லியிருந்தாள். தேவகி அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை.

கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புடவை மடித்துக்கொண்டே கேட்டாள். "வெளிய நின்னது அந்தாளுதானா, வேற எதுனாவான்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?" என்றாள்.

தெரிந்து சொல்லவில்லை. தெரிந்தவன் போலச் சொன்னேன்.